மேடைக்கு ஏறும் சாய்வுப் பாதை

கடலோரக் கலை இலக்கிய மேம்பாட்டுப் பேரவையின் புதிய மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லா வசதியும் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வாசலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில் கடல் பக்கமாகத் திரும்பினால் அந்த நீலப் பலகை தூரத்திலேயே தெரியும். சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளை மனிதன், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்பு மேலே பார்த்தபடி இருக்கும். பலகையின் அடியிலிருந்து படிகள் தொடங்கும். வழவழப்பான, அகலமான, பார்த்தவர்கள் எல்லாரும் விலை விசாரிக்கிற படிகள். கடல் இன்னொரு தரம் சுனாமியாக வந்தாலும் மண்டபத்துக்குள் ஏறக்கூடாது என்று அடித்தளத்தை அவ்வளவு உயர்த்தியிருந்தார்கள். கடல் ஏறுமோ என்னமோ, சுஹறாவால் ஏற முடியாது என்பது உறுதியாகிவிட்டது.

சுஹறாவுக்கு வயது நாற்பத்தாறு. மூன்று வருடங்களுக்கு முன், தம்பி றம்ஸீனின் ஓட்டோவில் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது லொறி ஒன்று தட்டியது. றம்ஸீனுக்குக் கையில் கீறல். அவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போனது. கணவர் அதற்கு முன்பே மௌத்தாகியிருந்தார். மிஞ்சியிருந்தது மகன் ஸாஜித் ஒருத்தன்தான்.

ஸாஜித் இருபது வயதுப் பிள்ளை. நல்ல உயரம், நல்ல குணம். பேச்சு மட்டும் வராது. திக்கும். கடைக்குப் போனால் சாமானை விரலால் காட்டி வாங்கி வருவான். பள்ளிக்கூட நாட்களில் பெயர் கூப்பிட்டால் 'ஆஜர்' என்று சொல்வதற்குப் பதிலாகக் கையை உயர்த்துவான். 'உம்மா' என்ற சின்னச் சொல்கூட அவன் வாயிலிருந்து ஒரு நாளும் முழுதாக வந்ததில்லை. இரண்டு மூன்று துண்டாக உடைந்துதான் வரும். சுஹறா ஓதிப் பார்க்காத ஓதல் இல்லை, காட்டாத டொக்டர் இல்லை. கடைசியில் அவன் சொல்லி முடிக்கும்வரை முகம் மாறாமல் காத்திருப்பதற்குப் பழகிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் வந்து நாடகத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். அதைச் சொல்லி முடிக்கவே அடுப்பில் பால் பொங்கிவிட்டது. கூட்டத்தில் ஒருத்தனாக நிற்பான் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் கிழமையே காரைதீவிலிருந்து நாடகம் போடும் கேதீஸ்வரன் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, சொன்னா நம்பமாட்டிங்க. வேற ஒரு ஆளாக நடிக்கச் சொன்னா உங்கட மகனுக்கு நாக்கு ஒரு இடத்துலயும் தடக்குதில்ல."

"பொய் செல்லாதீங்க சேர்."

"கண்ணாணச் சொல்றன். ஒத்திகையில மற்றப் பொடியனுகள் வாயப் பொத்திட்டு நிண்டவனுகள்."

சுஹறா மகனைப் பார்த்தாள். "எங்க மகன், எனக்கொருக்காப் பேசிக் காட்டுங்க."

ஸாஜித் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "வீ... வீ... வீட்ட ஏ... ஏலா உம்... உம்மா. மே... மேடையிலதான்."

ஒலுவில் பக்கம் கடல் தின்ற வீட்டு வளவுகளைப் பற்றிய நாடகம் அது. வீடு கடலில் போன ஒரு கிழ மீனவர். அவருக்காக அதிகாரி பேசுவார், பொறியியலாளர் பேசுவார், அரசியல்வாதி பேசுவார், சொந்த மருமகன் பேசுவான். நாடகம் முழுக்கக் கிழவர் நடுவில் நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். கடைசிக் கட்டத்தில் எல்லாரும் போன பிறகு, தனியாகக் கடலைப் பார்த்து வாய் திறப்பார். அந்தப் பேச்சு நீளமானது. மாஸ்டர் அதை ஸாஜிதுக்கென்றே எழுதியிருந்தார். பேரவையின் கலைப் பெருவிழாவில் ஒரே ஒரு தரம் மேடையேறும்.

அன்றிலிருந்து சுஹறாவுக்கு ஒரே எண்ணம்தான். மகனின் வாயிலிருந்து ஒரு வசனம் முழுதாக வருவதைக் காதால் கேட்க வேண்டும். மௌத்தாகும் முன் ஒரு தரம் போதும்.

விழாவுக்கு முந்திய கிழமை றம்ஸீன் அவளை ஓட்டோவில் ஏற்றி, எங்கே இருந்து பார்ப்பது என்று கேட்டு வர மண்டபத்துக்குக் கொண்டு போனான். படியடியில் பேரவையின் செயலாளர் றிம்சான் அகப்பட்டார். மிக நல்ல மனிதர். யாருக்கும் ஒன்று முடியாது என்று சொல்லி அறியாதவர். அதற்குப் பதிலாக விளக்கம் சொல்வார்.

"ராத்தா, நீங்க பொம்புள எண்டு பார்த்தா ஒங்கட எடம் மேல் மாடி. வீல்செயார் எண்டு பார்த்தா கீழ் மாடி. ரெண்டும் ஒரே ஆள்ல வரும் எண்டு பிளான் கீறக்குள்ள ஆரும் நினைக்கல்ல."

"கீழ் மாடிக்கும் படிதானே தம்பி இரிக்கி?"

"ஓம், படிதான். ஆனாலும் அத கீழ் மாடி எண்டுதான் செல்றது."

"அப்ப என்ட மகனும் தம்பியும் என்னத் தூக்கிட்டுப் போய் மேல வெச்சா?"

"மேல பொம்புளயள் இரிக்கிற எடம். தூக்குற ஆம்புளயள் அங்க வரேலா."

"பொம்புளயள் நாலு பேர் தூக்கினா?"

"வழுக்கி விழுந்தா மண்டபத்துக்குக் கெட்ட பேர் ராத்தா. இப்பதானே தொறந்த."

றம்ஸீனுக்குப் பொறுக்கவில்லை. நீலப் பலகையைக் காட்டினான். "அப்ப இந்த மனிசன் எங்கால ஏறின?"

றிம்சான் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அந்த மனிதன் எங்கே போகிறான் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. "வாங்க, பின்னால வாங்க. காட்டுறன்."

மண்டபத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் வைத்திருக்கும் வளவில், உண்மையாகவே ஒரு சாய்வுப் பாதை இருந்தது. அளவான சரிவு. இரண்டு பக்கமும் பளபளக்கும் கைப்பிடி. சுஹறாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யாருடைய கையும் படாமல், தானே சில்லை உருட்டிக்கொண்டு மேலே ஏறினாள். மூன்று வருடத்தில் தானாக ஏறிய முதல் மேடு அதுதான். மேலே ஒரு கதவு. றிம்சான் திறந்தார். உள்ளே மேடை. மேடைக்குக் கீழே, நான்கு படி இறங்கினால், வரிசை வரிசையாகச் சபைக் கதிரைகள்.

"இது மேடைக்கெல்லோ தம்பி வந்திரிக்கி."

"ஓம் ராத்தா. தொறப்பு விழா அண்டு ஏலாத சனத்துக்கு வீல்செயார் குடுத்த. ஒவ்வொரு ஆளா மேடைக்குத் தூக்கினதுல, அதிதியின்ட போட்டோவுல எல்லாம் தூக்கினவங்கட முதுகுதான் விழுந்திச்சி. பேரவைக்குச் சரியான வெக்கமாப் போச்சி. அதுக்குப் பிறகுதான் இந்தப் பாத."

"அந்தச் சனம் பிறகு எங்க இருந்து விழாவப் பார்த்த?"

"பார்க்க எண்டு ஆரும் வரல்லயே," என்றார் றிம்சான், கொஞ்சமும் கபடமில்லாமல். "வீல்செயார் எடுக்கத்தானே வந்தாங்க."

ஆனால் பேரவை கைவிடவில்லை. அன்று மாலையே நிருவாக சபை அவசரமாகக் கூடியது. பாதையோ மேடைக்குத்தான் போகிறது. மேடையில் இருப்பவர்கள் அதிதிகளும் கௌரவம் பெறுபவர்களும். அதிதிகளின் பெயர்கள் அழைப்பிதழில் அச்சாகிவிட்டன. எனவே சுஹறாவைக் கௌரவிப்பது தவிர வேறு வழியில்லை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. எதற்காகக் கௌரவிப்பது என்பது மட்டும் பாக்கி. அதைக் கேட்க றிம்சான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ராத்தா, நீங்க கவித கிவித எழுதுறயா?"

"இல்ல தம்பி."

"பாட்டு? கைவேல? பன்னுல பாய் இழைக்கிற?"

"ஒண்டும் தெரியா. எனக்கு நாடகத்தப் பார்த்தாப் போதும்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். பிறகு மகிழ்ச்சி. "அப்ப நீங்க ரசிக! பிரச்சின முடிஞ்சி. ஒங்களுக்குக் 'கலாரசிகச் சுடர்' பட்டம். இந்த மாகாணத்துலயே முதல் தரம்."

இப்படியாக, நாடகம் பார்க்க இடம் இல்லாத ஒரு பெண்ணுக்கு, நாடகம் பார்த்ததற்கான பட்டம் கிடைத்தது. சுஹறாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேடையில் இருந்தாலும் பரவாயில்லை, மகனின் குரல் கேட்கும் தூரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

விழா பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்கும் என்று அழைப்பிதழ் சொன்னது. பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகு நேரத்துக்குப் பிறகுதான் பிரதம அதிதி வந்தார். பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கு முன் மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்பது பேரவையின் மாறாத விதி. தாமதத்துக்கு விதி எதுவும் இல்லை. குர்ஆன் கிறாஅத் ஓதி முடிந்ததும் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, அந்தச் சிறப்புரைக்கு நன்றி சொல்லும் சிற்றுரை என்று போய்க்கொண்டிருந்தது. சுஹறா மேடையின் ஓரத்தில், புது அபாயா உடுத்து, கையை மடியில் கோத்துக்கொண்டு இருந்தாள். எதிர்ப்பக்கத்துத் திரை இடுக்கால் ஒரு வெள்ளைத் தாடிக் கிழவர் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். சற்றுத் தாமதமாகத்தான் அது ஸாஜித் என்று அவளுக்கு விளங்கியது. அந்தத் தாடிக்குள் அவன் சிரித்த சிரிப்பு, அவன் வாப்பாவின் சிரிப்பு.

பிறகு கௌரவிப்பு. பேரவையின் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர் மீராசாஹிபு, ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குச் சரி செய்தார்.

"சபையோர்களே! சில குறைகுடங்கள் கேட்கின்றன, மண்டபத்து வாசலில் ஏன் சாய்வுப் பாதை இல்லை என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். மாற்றுத்திறனாளிகளை வாசலோடு விடுவதா நமது பண்பாடு? நாங்கள் அவர்களை நேரே மேடைக்குக் கொண்டுவருகிறோம்! ஆயிரம் பேரில் ஒருவராகச் சபையில் உட்கார வைத்து அவர்களைச் சாதாரண மனிதர்களாக்கும் இழிசெயலுக்கு இந்தப் பேரவை என் உயிருள்ளவரை இடம் கொடுக்காது!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அடுத்துப் பிரதம அதிதி எழுந்தார். சுஹறாவைப் பற்றி யாரோ அவசரமாக அவர் காதில் ஏதோ சொல்லியிருந்தார்கள். ஆள் மாறிக் கேட்டிருக்க வேண்டும்.

"இந்தச் சகோதரியைப் பாருங்கள். ஆனால் அவரால் நம்மைப் பார்க்க முடியாது. அதனால் என்ன? கண்ணில்லாவிட்டாலும் அவருக்குக் கலைக்கண் இருக்கிறது. இருளிலேயே அவர் எத்தனை நாடகங்களை ரசித்திருப்பார்!"

சுஹறா அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளைப் பார்த்தார். கண் கலங்கியது அவருக்குத்தான். திருத்தம் சொல்ல றிம்சான் பாதி எழும்பி, மரியாதை கருதித் திரும்ப இருந்துவிட்டார். அதிதிகளைத் திருத்தும் வழக்கம் பேரவையில் இல்லை.

பொன்னாடை போர்த்துவதில் இன்னொரு சிக்கல் வந்தது. போர்த்த வேண்டியவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆகவே பிரதேசத்துக் கலாசார உத்தியோகத்தர் றுஸ்தா என்ற பெண்ணை அழைத்து, அவர் கையால் போர்த்துவது என்றும், அதிதி துணியின் நுனியை மட்டும் பிடிப்பது என்றும் மேடையிலேயே முடிவாயிற்று. நுனியைப் பிடித்த படத்தில் அதிதியின் முகம் விழவில்லை என்றார் படம் பிடிப்பவர். எனவே இன்னொரு தரம். ஒருவர் போர்த்தினால் மற்றவர்களுக்குக் குறை. எனவே தலைவர் ஒன்று, பொருளாளர் ஒன்று, புரவலர் ஒன்று, புரவலரின் மச்சான் ஒன்று. போர்த்துவதும், கழற்றுவதும், மற்றதைப் போர்த்துவதும், படம் பிடிப்பவர் "திரும்ப ஒருக்கா" என்பதும். பொன்னாடைகளுக்குள் சுஹறாவுக்கு மூச்சு முட்டியது. மேடைக்கு எதிரே தொங்கிய மணிக்கூட்டை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எடுக்க முடியவில்லை. கையில் கேடயம் கொடுத்திருந்தார்கள். 'சிறந்த பார்வையாளர்' என்று அதில் பொன் எழுத்தில் எழுதியிருந்தது.

ஒருவாறு நாடகம் என்று அறிவித்தார்கள். அதிதிகள் படியிறங்கிப் போய்ச் சபையின் முன்வரிசையில் இருந்தார்கள். சுஹறாவால் படியிறங்க முடியாது. அவள் மேடையிலிருந்து போகக்கூடிய ஒரே வழி, வந்த வழி.

"தம்பி, நான் இந்தத் திரைக்குப் பக்கத்துலயே இரிக்கன். சத்தம் போடமாட்டன்."

"ராத்தா, நீங்க இரிக்கிறது சனத்துக்குத் தெரியும். நாடகக் கட்டத்துக்குள்ள பொன்னாடையோட ஒரு ஆள் இரிந்தா அழகில்ல. வெளிய கொஞ்சம் இரிங்க, கதவத் தொறந்தே வெக்கிறன்."

றிம்சான் அவளைச் சாய்வுப் பாதையால் பக்குவமாக இறக்கிவிட்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் உள்ளேயிருந்து ஒருவர் ஜெனரேட்டர் சத்தம் வருகிறது என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

மேடை வெளிச்சங்களுக்காக ஓடிய ஜெனரேட்டர் வளவு முழுக்க அதிர்ந்தது. சுஹறா நாற்காலியைக் கதவு வரை உருட்டிக்கொண்டு போய்க் காதைப் பலகையில் வைத்தாள். பலகை நடுங்கியது. அதற்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. தட்டினாள். யாரும் வரவில்லை. திரும்ப இறங்கிச் சுவரோரத்தில் போய் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் தன் பிள்ளை நிற்கிறான், ஊர் முழுக்க இருந்து பார்க்கிறது, பெற்றவள் மட்டும் எண்ணெய்ப் புகைக்குள் இருக்கிறாள் என்று ஒரு கசப்பு. அவனுடைய பேச்சு கடைசியில்தானே வரும், அதற்குள் யாராவது கதவைத் திறக்காமலா போவார்கள் என்றும் ஓர் ஆசை.

கதவு திறந்தது. வந்தது றிம்சானும் கேதீஸ்வரன் மாஸ்டரும். ஜெனரேட்டரை மீறிக் கேட்க வேண்டும் என்பதால் இருவரும் கத்தினார்கள்.

"கடைசிக் கட்டத்த விட்டுட்டு முடிங்க மாஸ்டர்! மஃரிபுக்கு நேரமாகுது. இன்னும் நன்றியுரை இரிக்கி, அதிதியோட குறூப் போட்டோ இரிக்கி!"

"கடைசிக் கட்டம்தான் தம்பி நாடகம்! அந்தப் பொடியன் இவ்வளவு நேரமும் வாய் தொறக்காம நிக்கிறதே அதுக்குத்தான். அத வெட்டினா அவன் ஊமையா வந்து ஊமையாப் போறான்!"

"நன்றியுரைய வெட்டேலா மாஸ்டர், ஏழு பேருக்கு நன்றி செல்லணும். போட்டோவ வெட்டேலா. வெட்டக்கூடியது நாடகம் மட்டும்தான்."

"அப்ப இருந்த நேரமெல்லாம் எங்க போன?"

றிம்சான் அப்போதுதான் சுஹறாவைக் கண்டார். கண்டதும் முகம் கனிந்தது. "ராத்தாட நிகழ்ச்சிக்குத்தான் மாஸ்டர் நேரம் எடுத்த. அதுக்கென்ன, பிரயோசனமான நேரம். மாற்றுத்திறனாளிகளுக்கு நாம குடுக்காம வேற ஆர் குடுக்கிற?"

சுஹறா சில்லைப் பிடித்து அவர்கள் முன்னால் உருட்டிக்கொண்டு வந்தாள். "றிம்சான் தம்பி, அல்லாவுக்காகக் கேக்குறன். இந்தப் பொன்னாட எல்லாத்தையும் எடுங்க. பட்டத்தையும் எடுங்க. என்ட புள்ளைக்கு அந்த நேரத்தத் திருப்பிக் குடுங்க."

றிம்சானுக்கு உண்மையாகவே மனம் நொந்தது. "குடுத்தத திருப்பி எடுக்கிற வழக்கம் பேரவையில இல்ல ராத்தா," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உள்ளே ஓடினார். மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு அவரும் உள்ளே போனார். கதவு திரும்பவும் சாத்திக்கொண்டது.

நீளமான அந்தப் பேச்சு முடிந்திருக்க முடியாத சற்று நேரத்திலேயே கைதட்டல். அது மட்டும் ஜெனரேட்டரை மீறிக் கேட்டது. நாடகத்துக்கா, நன்றியுரைக்கா, குறூப் போட்டோவுக்கா என்று தெரியவில்லை. சுஹறா பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து மடியில் வைத்தாள். செய்வதற்கு வேறு வேலை இல்லை. அழுதுகொண்டே மடித்தாள். பேசவென்று ஏற்றிவிட்டு, பேசவிடாமல் தன் பிள்ளையை ஊருக்கு முன்னால் தலையாட்ட வைத்து இறக்கியிருக்கிறார்கள். அதற்கு அவளையே காரணமாக்கியும் விட்டார்கள்.

கதவு திறந்து ஸாஜித் வெளியே வந்தான். கிழவரின் சாரமும் வெள்ளைத் தாடியும் இன்னும் அப்படியே இருந்தன. யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். திடீரென்று வளவு அமைதியானது. அவன் ஜெனரேட்டரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், உம்மா இருக்கும் இடத்தைப் பார்த்தான். இங்கேயிருந்து ஒன்றும் கேட்டிருக்காது என்று அவனுக்கு விளங்கியது. றிம்சானும் மாஸ்டரும் இதே இடத்தில் நின்று கத்தியது அவனுக்குத் தெரியாது.

சுஹறா அவசரமாக முகத்தைத் துடைத்தாள். ஸாஜித் அவள் முன்னால் வந்து குந்தி, அவளுடைய முழங்காலில் கை வைத்தான். மூச்சை இழுத்தான். முதல் எழுத்து வரும்வரை முகம் மாறாமல் காத்திருக்க அவள் தயாரானாள். காத்திருக்க வேண்டி வரவில்லை.

"உம்மா, எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டன். ஒரு எடத்துலயும் தடக்கல்ல. கடல்கிட்டக் கேக்கிற கட்டத்துல சனம் எழும்பி நிண்டு கை தட்டின. மாஸ்டர் என்னக் கட்டிப் புடிச்சி அழுதார். வெளிய இரிந்தாலும் ஒங்களுக்குக் கேட்டிரிக்குமே, என்ன உம்மா?"

ஒரு சொல் இடறவில்லை. ஆறுதலான, ஆழமான குரல். அவனுக்கு இப்படியொரு குரல் இருப்பது இருபது வருடமாக அவளுக்குத் தெரியாது. 'உம்மா' என்ற சொல் உடையாமல், முழுதாக, இரண்டு தரம் அவள் காதில் விழுந்தது. கேதீஸ்வரன் மாஸ்டர் சொன்னது மெய்தான். நடிக்கும்போது அவனுக்குத் திக்குவதில்லை.

"ஓம் மகன்," என்றாள் சுஹறா. "எல்லாம் கேட்டிச்சி."